செல்லாத திர்ஹம்

தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பாட்டி கை நீட்டினார். பர்ஸைத் துழாவியபோது துபாய் திர்ஹம் ஒன்று விரலில் பட்டது.

சிறுவயதில், எங்கள் அய்யம்பேட்டை வீட்டில் வெள்ளிதோறும் ஜும்மா தொழுகைக்கு முன் வாசலுக்கு வருபவர்களுக்குக் காசு கொடுப்பது என் வேலை. ஒருமுறை அம்மா தந்த ரூபாயைச் சேமியா ஐஸுக்கு ஒளித்துக்கொண்டு, துபாயிலிருந்து அத்தா கொண்டுவந்த திர்ஹத்தைக் அப்படி வரும் கண் மங்கிய பாத்திமாம்மாவின் உள்ளங்கையில் வைத்து மூடினேன்.

அடுத்த வெள்ளி அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். டீக்கடையில் அதை நீட்டித் திட்டு வாங்கியிருக்கிறார்.

"வெளிநாட்டுக் காசு மாறி வந்துருச்சும்மா. புள்ள தேடியிருக்கும்," என்றார் அம்மாவிடம்.

"தேடுனியாடி?" என்று கேட்டாள் அம்மா.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

பஸ் ஸ்டாண்ட் பாட்டிக்கு நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். அவர் அதை வெயிலில் தூக்கிப்பிடித்து, செல்லுமா என்று பார்த்தார்.