படிக்காமல் போட்ட கையெழுத்து

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊர் ஏம்பலம் பக்கம். மகளைக் கட்டிக்கொடுத்து, பேரனும் பிறந்த பிறகு என் கணவர் விவாகரத்து கேட்டார். கடலூரில் அவருக்கு வேறொரு வாழ்க்கை அமைந்துவிட்டது. சண்டை போட எனக்குத் தெம்பில்லை. சம்மதித்துவிட்டேன்.

ஒரு மதியம் வக்கீல் எழுதிக்கொடுத்த மனுவோடு வீட்டுக்கு வந்தார். "பென்சில்ல குறி போட்ட எடத்துல மட்டும் கையெழுத்து போடு செல்வி. மத்தத வக்கீல் பாத்துக்குவாரு" என்றார். நான் பத்தாவது வரை படித்தவள். இருந்தும் படிக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகிவிட்டேன்.

நீதிமன்றத்தில் நீதிபதி அம்மா கேட்டார். "வீட்டுல உரிமை வேணாம், ஜீவனாம்சமும் வேணாம்னு எழுதியிருக்கே. தெரிஞ்சுதான் கையெழுத்து போட்டீங்களா?"

என் நகைகளை விற்றுக் கட்டிய வீடு அது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுல இன்னா எழுதியிருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

நீதிபதி வழக்கைத் தள்ளிவைத்து, என்னை இலவச சட்ட உதவிக்கு அனுப்பினார். அங்கே கிடைத்த வக்கீல் மனுவை மாற்றி எழுதவைத்தார். விவாகரத்து ஆனது. வீடு என் பெயருக்கு வந்தது.

அவர் போனதைக்கூட ஆற்றிக்கொண்டேன். நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டே, நான் போட்டுக் கொடுத்த டீயை அவர் குடித்ததைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

இப்போது யார் எந்தத் தாளை நீட்டினாலும், "வூட்டுக்கு எடுத்துட்டுப் போயி படிச்சிட்டுத் தரேன்" என்கிறேன். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முப்பத்து மூன்று வருடத்தில் ஒருமுறையாவது அவரிடமும் அப்படிச் சொல்லியிருக்கலாம்.