மே மாதத்துக் கம்பளி

பெங்களூர்க்காரர்களின் கர்வத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மே மாதத்தில் என் வீட்டுக்காரரைப் பார்த்திருக்க வேண்டும். வேலூரிலிருந்து அவருடைய அக்கா வருகிறார் என்று தெரிந்தால் போதும், பரண்மேல் கிடக்கும் கம்பளியை இறக்கி, உதறி, வெயிலில் போடுவார். "அவங்களுக்கு நம்ம ஊரு குளிர் தாங்காது" என்பார். என்னவோ இந்த ஊர்க் காற்றை இவரே ஊதி அனுப்புகிற மாதிரி! ஆஸ்டின் டவுனில் எங்களுடையது ஒற்றை அறை, மேலே சிமென்ட் ஷீட். ஃபேன் கிடையாது. நான் கேட்டால், "பெங்களூர்ல ஃபேனா? வெளிய சொல்லிடாத, சிரிப்பாங்க" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

போன மே மாதம் நாத்தனார் தன் மகளையும் அழைத்து வந்தார். பெண்ணுக்கு ஏழாம் மாதம். "வேலூர் வெயில்ல புள்ளத்தாச்சி பொண்ணு வெந்துடுவாடா. கொஞ்ச நாள் இங்க சில்லுனு இருக்கட்டும்" என்றார். தாய்மாமனுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பளியை மடித்து அவள் தலைமாட்டிலேயே வைத்தார்.

அந்தக் கோடையில் காலையிலேயே ஷீட் தோசைக்கல்லாகிவிடும். குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். அந்தப் பெண் பாயில் புரண்டாள். கால் வீங்கியது, சோறு இறங்கவில்லை. "சாயங்காலம் மழை வந்துடும்மா" என்று இவர் தினமும் வானத்தின் சார்பில் வாக்குக் கொடுத்தார். வானம் இவரை மதிக்கவே இல்லை.

ஒரு மதியம் அவள் மயங்கி விழுந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"குழந்தை நல்லாருக்கு. உடம்புலதான் தண்ணியே இல்ல" என்ற நர்ஸம்மா, "வீட்ல ஃபேன்கூட போடலயா?" என்று கேட்டார்.

இவர் அன்றே சிவாஜிநகர் போய் ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வந்தார். அது ஷீட்டின் அனலையே திரும்பத் திரும்ப எங்கள் முகத்தில் அடித்தது. மறுநாள் காலை கம்பளியைக் கையில் எடுத்தார். துணி அலசிய தண்ணீரில் அதை முக்கி, ஏணி போட்டு ஏறி, ஷீட்டின்மேல் விரித்தார். வீடெல்லாம் நனைந்த ஆட்டு வாடை. எதிர்வீட்டுக்காரர் சும்மா விடுவாரா?

"என்னண்ணா, கூரைக்குக் குளிருதா?"

நான் சிரித்துவிட்டேன். படுத்தபடியே அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் கம்பளி சீக்கிரமே காய்ந்துவிட்டது. மறுபடி நனைக்கத் தண்ணீர் இல்லை.

நாத்தனார் பையைக் கட்டினார். கோபமெல்லாம் இல்லை, பாவம். அவர்கள் வேலூரில் இருப்பது மாடிக்குக் கீழே உள்ள வீடு, இரண்டு ஃபேன் ஓடும். பஸ்ஸில் மகளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த மே மாசம் நீங்க ரெண்டு பேரும் எங்க வூட்டுக்கு வந்துடுங்க. அங்க கொஞ்சம் சில்லுனு இருக்கும்."

வேலூரைப் பற்றி முன்னெல்லாம் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் ஒரு வாரத்துக்கு வைத்துக் கிண்டலடிக்கிற மனிதர். என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரிக்கா" என்றார்.