காட்டக்கூடாத திரை

புனே பக்கத்தில் போசரியில் நான் வேலை செய்த பட்டறையில் எங்கள் லேத் மெஷின்களில் சின்னப் பெட்டி பொருத்த ஓர் இன்ஜினியர் வந்தார். ஒல்லியானவர். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் பெட்டியையே துடைத்துக்கொண்டிருப்பார். பொத்தானை அழுத்தினால் ஒரு திரையில் மோட்டார் சூடு, அடுத்ததில் செய்த உருப்படிகளின் எண்ணிக்கை தெரிந்தன. நானும் அவரைப்போலத் தமிழன் என்று அறிந்ததும் பொத்தானை அழுத்திப் பிடித்தார். மூன்றாவது திரை வந்தது.

“மெஷின் சும்மா நின்ன நேரம்ணா. உங்க யாருக்கும் காட்டக்கூடாதுன்னு உங்க முதலாளி சேட் சொன்னார்.”

“பாத்ரூம் போனாலுமா?”

“அதுக்கு என்னண்ணா தெரியும்? நின்னா எண்ணும். போறப்ப பக்கத்து ஆளை ஓட்டச் சொல்லுங்க. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க.”

பக்கத்து மெஷின்காரர் சர்க்கரை நோயாளி, அடிக்கடி ஒதுங்கப் போவார். மூத்தவரிடம் அதை எப்படிப் பேசுவது என்று கூச்சப்பட்டு நான் சொல்லவில்லை. அடுத்த மாதம், மெஷின் அதிக நேரம் சும்மா நின்றதென்று அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

முன்பின் தெரியாத என்னை நம்பித்தான் அந்த இன்ஜினியர் சொன்னார். அவர் என்னை விட்டு வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.