அரக்குப் பக்கம் அம்மா

அன்று வயலோரத்தில் என் மகள் திரும்பத் திரும்பக் கூப்பிட்ட "அம்மா"வில் எது வரை நடிப்பு, எங்கிருந்து நிஜம்? படம் முடிந்து மாதங்கள் ஆகியும் எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

என் கணவருக்குச் செய்யாறில் ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் போகிற வருகிற நேரத்தில் போனிலேயே எழுதி ஒரு படத்துக்குக் கதை தயார் செய்தார். நம் உலகத்தை ஒட்டி இன்னொரு உலகம். அங்கேயும் இதே ஆரணி, இதே தெரு, இதே மனிதர்கள். இங்கிருந்து ஒரு சிறுமி தவறி அங்கே போய்விடுகிறாள். அங்கிருக்கும் அவள் அம்மாவுக்குக் குழந்தையே பிறந்ததில்லை. மகள் கூப்பிடக் கூப்பிட, யாரோ என்று நடந்து போகிறாள். நான் இயற்பியல் படித்தவள் என்பதால் பரிமாணம் பற்றிய வசனங்களை என்னிடம் திருத்தக் கொடுத்தார். கடைசியில் அம்மாவாக நடிக்கவும் நான்தான் என்றானது. சிறுமியாக எங்கள் ஐந்து வயது மகள். எங்களுக்கு வேறு யார் கிடைப்பார்கள்?

கிராபிக்ஸுக்கு வழியில்லை. இருபக்கச் சேலை இருந்தது. எங்கள் ஊரில் அப்படி நெய்வது உண்டு. ஒரு பக்கம் அரக்கு, மறுபக்கம் பச்சை. எந்தப் பக்கம் வெளியே தெரியும்படியும் கட்டலாம். அரக்கு தெரிந்தால் நம் உலகம், பச்சை தெரிந்தால் அந்த உலகம் என்று முடிவு செய்தோம். சேலையை இரவல் தந்த பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சிரிப்பு.

"கீற உலகத்துலயே கரண்ட்டு ஒழுங்கா வரல. உன் வூட்டுக்காரரு இன்னொண்ணு கட்டிகினு கீறாரா?"

"கதைல அங்க கரண்ட்டே போறதில்லக்கா."

"அப்போ என் தறிய அங்க போட்டுக் குடுக்கச் சொல்லு."

மகளுக்கு விளையாட்டாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். "அரக்கு கட்னா அம்மா. பச்சை கட்னா யாரோ ஆன்ட்டி. ஆன்ட்டி திரும்பியே பாக்க மாட்டாங்க. நீ கூப்ட்டுகினே வரணும்." அவளுக்கு ரொம்பப் பிடித்துப் போனது. வீட்டில் பொய்யாக அழுதுகொண்டே பின்னால் வருவாள், பிறகு கீழே உட்கார்ந்து சிரிப்பாள்.

சேவூர் பக்கம் ஒரு வயலோரப் பாதையில் படப்பிடிப்பு. கேமரா பிடித்தவர் கணவரின் நண்பர். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பேஜார்ப்பா. பயிரும் பச்சை, சேலையும் பச்சை. ஆளே தெரியல."

கணவர் என்னிடம் வந்தார். "திருப்பிக் கட்டிக்கோ. அரக்குலயே எடுத்துடலாம், எடிட்டிங்ல கலர பச்சையா மாத்திக்கறேன். ஜல்தி, வெளிச்சம் போய்கினு கீது."

"பாப்பாகிட்ட சொல்லணுங்க."

"சரி சரி, நீ போ."

மோட்டார் ரூமுக்குள் போய் மாற்றிக் கட்டினேன். அவர் சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். நான் சொல்லப்போகிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

நடந்தேன். பின்னால் "அம்மா" என்றாள். ஒத்திகையில் கேட்ட அதே இழுப்பு. மறுபடி கூப்பிட்டாள். பிறகு அந்த இழுப்பு இல்லை. நன்றாக நடிக்கிறாளே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. முந்தானை இழுபட்டது. திரும்பக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள், திரும்பவில்லை. பிடி விட்டது. சத்தமும் நின்றது. அதற்குப் பிறகுதான் கணவர் "கட்" என்றார்.

முந்தானையைப் பிடித்தவள் அதைப் புரட்டி உள்பக்கத்துப் பச்சையைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கேமராவில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. பார்த்த எல்லோரும் அந்த இடத்தை மறுபடி போடச் சொல்கிறார்கள். கதையில் அது இல்லை.

ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு, சேலையைத் திருப்பிக் கட்டிய காரணத்தைச் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். அழவில்லை. அதன் பிறகு பள்ளி வாசலில் ஓடி வருவதில்லை. மெதுவாக அருகில் வந்து, என் துப்பட்டா ஓரத்தைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் கையைத் தருகிறாள். ஒரு காலை என் நைட்டியின் ஓரத்தை மடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "உள்ள யாரு?"

டாக்டரிடம் காட்டினோம், போகப் போகச் சரியாகிவிடும் என்றார். இன்னும் ஆகவில்லை.

இப்போது சென்னையில் ஒரு சிறிய திரைப்பட விழாவில் படத்தைத் திரையிடுகிறார்கள். மகள் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். வந்தே தீருவேன் என்கிறாள். அந்த இடத்தை வெட்டிவிட்டால் படத்தில் மிச்சம் ஒன்றுமில்லை. கணவருக்கும் அது தெரியும். ஆனாலும், "நீ சொல்லு, தூக்கிடறேன்" என்கிறார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திரையில் அந்தச் சேலை இப்போது பச்சை. அதைப் பார்த்தால், போனது ஆன்ட்டிதான் என்று அவள் மனம் ஆறுமா? இல்லை, தன் கண்ணால் பார்த்த அரக்கையே மாற்றிவிட்டார்கள் என்று இன்னும் ஒதுங்கிப் போவாளா? சிறு பிள்ளைகளை வளர்த்தவர்கள் இதைப் படித்தால் சொல்லுங்கள். அவளை அழைத்துப் போகட்டுமா, வேண்டாமா?