லாமினேட் செய்த வாக்காளர் அட்டை

எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவது என் வேலை. பள்ளிச் சேர்க்கை, காப்பீடு, வரி, நூலக அட்டை, எதுவானாலும் நானே நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு மனைவியிடம் நீட்டுவேன். அவள் படிக்க மாட்டாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். இத்தனைக்கும் அவள் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ரத்தச் சீட்டில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பிடித்துவிடுவாள். வீட்டில் அந்தக் கண்ணுக்கு நான் வேலை வைத்ததில்லை.

நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸுக்கு வந்தபோது ஓட்டுநர் உரிமத்தை மாற்ற வேண்டியிருந்தது. நான் வேலைக்காக முன்பே தனியாக வந்து, ஒரு அவசர நாளில் என்னுடையதை மாற்றிக்கொண்டிருந்தேன். கட்டாயமில்லாத கேள்விகளையெல்லாம் அன்று காலியாக விட்டுவிட்டேன். க்ரீன் கார்டு கைக்கு வந்து, மனைவியும் வந்து சேர்ந்தபோது அவகாசம் இருந்தது. காப்பெல் என்ற ஊரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளுடைய படிவத்தை ஒரு கட்டம் விடாமல் நிரப்பினேன். நீங்கள் அமெரிக்கக் குடிமகன் என்றால், வாக்காளராகப் பதிந்துகொள்ள விருப்பமா என்று ஒரு கேள்வி. முதல் பாதியைத் தாண்டி என் கண் நேராக இரண்டாம் பாதிக்குப் போய்விட்டது. வாக்காளர் அட்டையை வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? ஊரில் கேஸ் இணைப்புக்கும் சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் அதைத்தானே முதலில் கேட்பார்கள்? ஆமாம் என்று டிக் அடித்தேன். பெருக்கல் குறி போட்டேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

சில வாரங்களில் அட்டை தபாலில் வந்தது. வெறும் தாள். இவ்வளவு பெரிய நாட்டுக்கு இதுதானா அட்டை என்று அலுத்துக்கொண்டே அதை லாமினேட் செய்து, முகவரிச் சான்றுகளுக்கான கோப்பில் செருகினேன். லாமினேட் செய்கிற இயந்திரம் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. சிரிக்க வேண்டாம், எனக்குத் தெரிந்த தமிழர் வீடுகளில் பாதியில் இருக்கிறது.

வருடங்கள் கழித்து குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தது. இரண்டு விண்ணப்பங்களையும் நானே நிரப்பினேன். இந்த நாட்டில் எப்போதாவது வாக்காளராகப் பதிந்திருக்கிறீர்களா என்ற கேள்விக்கு இருவருக்கும் இல்லை என்று போட்டேன். போட்ட கையோடு, அவளுடைய முகவரிச் சான்றாக அந்த அட்டையை எடுத்து விண்ணப்பத்தின் மேலேயே வைத்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கே நம்ப முடியவில்லை.

அன்றைக்கு அடுப்பில் ஒன்றும் இல்லை. மனைவி மேசைக்கு வந்து அட்டையைக் கையில் எடுத்தாள்.

“ஏங்க, வோட்டர்னு போட்டிருக்கே. நாமதான் இன்னும் சிட்டிசனே ஆகலையே?”

நான் அட்டையைப் பார்த்தேன், விண்ணப்பத்தில் நான் போட்டிருந்த ‘இல்லை’யைப் பார்த்தேன்.

ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். மதுரைக்காரப் பெண்மணி, மளிகைக் கடைக்கும் பல் மருத்துவமனைக்கும் நடுவில் அலுவலகம். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குடிமகன் அல்லாதவர் வாக்காளராகப் பதிவது குற்றம், குடியுரிமை மறுக்கப்படலாம், நாட்டைவிட்டே அனுப்பினாலும் அனுப்பலாம் என்றார். எங்கள் மகள் இங்கே பிறந்தவள், ஏழாம் வகுப்பு படிக்கிறாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. க்ரீன் கார்டு கொடுத்ததும் இதே அரசாங்கம்தானே, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளக் கூடாதா என்று குரலை உயர்த்தினேன். என் தப்புக்கு ஒரு பங்காளியைத் தேடிக்கொண்டிருந்தேன், வேறென்ன.

“சார், இங்க ஒரே அரசாங்கம் இல்ல. லைசென்ஸ் ஸ்டேட் கொடுக்குது. வோட்டர் லிஸ்ட் கவுன்டி, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, அது வச்சிருக்கு. சிட்டிசன்ஷிப் வாஷிங்டன். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாக்கறாங்க. நீங்கதான் அடுத்தவங்க வேலையப் பாத்திருக்கீங்க.”

அவர் சொன்னபடி கவுன்டிக்கு எழுதிப் பெயரை நீக்கச் சொன்னோம். ஒரு தேர்தலிலும் இவர் வாக்களித்ததில்லை என்று கடிதம் வாங்கினோம். அவளுடைய விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்பது ‘ஆமாம்’ ஆயிற்று. நடந்ததை விளக்கி ஒரு கடிதமும் வேண்டும் என்றார். நான் எழுதித் தருகிறேன் என்று பேனாவை எடுத்தேன். வழக்கறிஞர் என்னைப் பார்த்த பார்வையில் பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டேன். மனைவியே எழுதினாள். என்னிடம் காட்டவில்லை.

குடியுரிமைத் தேர்வுக்கு மகள் தன் அம்மாவைத் தயார் செய்தாள். அரசியல் சட்டத்தை எழுதியவர்கள் எல்லா அதிகாரத்தையும் ஒரே கையில் கொடுக்கப் பயந்தார்கள், அதனால் மத்திய அரசுக்கென்று கொடுக்காதது எல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்று பத்தாவது திருத்தத்தில் எழுதிவைத்தார்கள் என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். மனைவி தமிழில் கேள்வி கேட்டாள். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டு கேட்டேன். எங்கள் வீட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு திருத்தம் வந்ததே இல்லை.

நேர்காணலுக்கு அவள் மட்டும் உள்ளே போனாள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். திரும்பி வந்தவள் காரில் ஏறி, ஃப்ரீவேயைத் தொட்டதும் சொன்னாள்.

“ஸ்டேட்டுக்குன்னு இருக்கற பவர் ஒண்ணு சொல்லுங்கன்னாரு ஆபீசர். ட்ரைவர்ஸ் லைசென்ஸ் கொடுக்கறதுன்னு சொன்னேன். ஃபைலப் பாத்தாரு, என்னப் பாத்தாரு.”

நான் சாலையைப் பார்த்தபடி ஓட்டினேன்.

“படிக்காம கையெழுத்துப் போட்டேன்னு சொன்னேன். ஏன் படிக்கலன்னு கேட்டாரு. அந்த ஒரு கேள்விக்குத்தாங்க எனக்கு பதில் தெரியல.”

எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது.

அவளுடைய முடிவை நிறுத்திவைத்தார்கள். எனக்கு மட்டும் குடியுரிமை கிடைத்தது. போய் உறுதிமொழி எடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் யாரும் கேசரி கிண்டவில்லை. அவள் தினமும் வேலைக்குப் போய்வந்தாள். தபால்பெட்டிச் சாவியைத் தன் வளையத்தில் மாற்றிக்கொண்டாள். வரும் உறைகளைத் தானே பிரித்து, மின்கட்டண ரசீதைக்கூட முன்னும் பின்னும் படித்தாள். மாதங்கள் கழித்து, குழம்பு கொதித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், ஒரு கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு அடுப்பை அணைத்தாள். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அவளுடைய உறுதிமொழி விழா முடிந்து வெளியே வரும் வழியில் ஒரு மேசை. தன்னார்வப் பெண்கள் இரண்டு பேர் புதுக் குடிமக்களுக்குப் படிவம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாக்காளர் பதிவுப் படிவம். பழக்கதோஷம், என் கை தானாகப் பேனாவை எடுத்துவிட்டது.

மனைவி என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். படிவத்தோடு கடைசி வரிசை நாற்காலிக்குப் போய், எனக்கும் மகளுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். கூட்டம் கலைந்தது. கொடிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினார்கள். படிவத்தின் பின்பக்கத்தையும் அம்மா படிப்பதாக மகள் எனக்கு ஆங்கிலத்தில் தகவல் சொன்னாள்.

எழுந்து வந்தாள். ஒரு தடவை பார்த்துவிடட்டுமா என்று கையை நீட்டினேன். பேனாவை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, படிவத்தோடு மேசைக்குப் போனாள்.