அழைப்பு அம்மாவுக்கு வந்தது

நான் பிறப்பதற்கு முன்பே என்னைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போன பிறகு, இது தங்கினால் உம்முடைய ஊழியத்துக்கு விட்டுவிடுகிறேன் என்று அம்மா ஆண்டவரிடம் பொருத்தனை செய்துகொண்டாள். ஆண்டவர் தன் பங்கைச் செய்துவிட்டார். மீதி என் தலையில். என் சம்மதத்தைக் கேட்க அப்போது வழியில்லை.

உசிலம்பட்டியில் இருக்கும் சித்தப்பா இன்றும் குலசாமி கும்பிடுகிறவர். அவருக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை; "நேந்துவிட்ட கிடா" என்றே என்னைக் கூப்பிடுவார். நேர்ந்துவிட்ட கிடாயை, யார் தோட்டத்தில் மேய்ந்தாலும் அடிக்க மாட்டார்கள். திருநகரில் எங்கள் வீட்டில் எனக்கு அந்தச் சலுகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நடக்கும் ஓய்வுநாள் பள்ளிக்குப் பிந்தினால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள்.

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். என்னைக் குட்டி ஐயர் என்றார்கள். அதைக் கேட்ட எதிர்வீட்டு அக்கா, பூணூல் எப்போது என்று உண்மையாகவே விசாரித்தார். நான் படித்ததோ ஏசி மெக்கானிக். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கம்ப்ரசர் ஓடுகிறதா இல்லையா என்பதில் விவாதம் கிடையாது.

வேலைக்குப் போன பிறகும் குடும்ப ஜெபத்தில் அம்மா தினமும் பொருத்தனையை நினைவுபடுத்தினாள், ஆண்டவருக்கா எனக்கா என்று தெரியாத மாதிரி. பெற்றவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்பது கட்டளை என்று அப்பாவும் சேர்ந்துகொண்டார். சரி, கீழ்ப்படிவோம் என்று இறையியல் படிப்புக்கான நேர்காணலுக்குப் போனேன்.

அங்கே முதல் கேள்வி, உங்கள் அழைப்பைப் பற்றிச் சொல்லுங்கள் என்பது. அழைப்பு என்றால் ஆண்டவரே ஒருவரை ஊழியத்துக்குக் கூப்பிடுவது. எனக்கு முன்னால் போனவரை வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கூப்பிட்டிருந்தார். என்னை எங்கேயும் கூப்பிடவில்லை. பொய் சொன்னால் ஆண்டவருக்கு ஆகாது, உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு ஆகாது. அம்மா வெளியே வேப்பமரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு வரலைங்கய்யா. எங்கம்மாவுக்குத்தான் வந்துச்சு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. டீ கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நான் ஏசி மாட்ட மாடி ஏறும் நாட்களில் மட்டும் சாப்பிடாமல் இருந்தாள். உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு, "குடுத்தத நீ திருப்பி வாங்கிட்டியேன்னு அவரு உன்னைய எடுத்துக்கிட்டா நான் என்னடா செய்வேன்?" என்றாள். அவள் இத்தனை வருடம் கேட்டது ஒரு போதகரை அல்ல, நான் உயிரோடு இருப்பதை.

பிறகு ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, உள்ளே என்னதான் சொன்னாய் என்று கேட்டாள். அதே வார்த்தைகளைச் சொன்னேன். "அழைப்பு எனக்கு வந்துச்சுன்னா சொன்ன?" என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு, குழம்பு ஊற்றினாள்.

அந்தச் சனிக்கிழமை, ஊழியம் செய்யும் பெண்களைப் போல வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, வண்டியை எடு என்றாள். பெரியாஸ்பத்திரி பிரசவ வார்டுக்குப் போனோம். குழந்தை தங்காமல் போன பெண்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொள்வாள், கேட்டால் ஜெபிப்பாள், கேட்காவிட்டால் ஃபிளாஸ்க்கில் இருந்து காபி ஊற்றிக் கொடுப்பாள். அன்றிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் இதுதான்.

மகன் என்ன செய்கிறான் என்று அங்கே ஒரு நர்ஸ் கேட்டிருக்கிறார்.

"ஊழியத்துலதான் இருக்கான். வண்டி ஓட்டுறான்" என்றாளாம் அம்மா.

நான் மாடி ஏறும் நாட்களிலும் இப்போது சாப்பிடுகிறாள்.

வார்டுக்குள் எனக்கு அனுமதி இல்லை. எதிரே டீக்கடையில் நிற்பேன். முடிந்ததும் அம்மா மிஸ்டு கால் கொடுப்பாள். என் போன் தமிழில் இருக்கிறது. 'தவறிய அழைப்பு: அம்மா' என்று திரையில் வரும். டம்ளரை வைத்துவிட்டு வண்டியை எடுப்பேன்.