யாருமே பாக்கி இல்லாத பட்டியல்

என் அண்ணி கால்நடை மருத்துவமனையில் பதிவேடு பார்க்கிறார். அட்டை போட்ட பெரிய நோட்டெல்லாம் இல்லை. எஸ்க்யூலைட் என்கிற சின்ன டேட்டாபேஸ். வட்டாரத்து நாய், பூனை, கிளி அத்தனையும் ஒரே ஒரு கோப்புக்குள் படுத்துக் கிடக்கும். தனி சர்வர் கிடையாது, அதற்குக் காவல் ஆளும் கிடையாது. "உங்க அண்ணனைவிட அடக்கம். கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்" என்பார்.

அதற்கு முன் ஒரு ரெடிமேட் கடையில் அளவு எழுதிக்கொண்டிருந்தவர். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் 'குவரி' எழுதுவதைத் தப்புத் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டார். முதல் மாதம், இருப்பதிலேயே கனமான நாய் எது என்று டாக்டர் கேட்டார். பட்டியலின் உச்சியில் ஒன்பது கிலோ பொமரேனியன் உட்கார்ந்திருந்தது. அறுபத்து நாலு கிலோ நாய் எங்கோ கீழே. எடைகளை எண்ணாக இல்லாமல் எழுத்தாகச் சேமித்திருந்தால் அப்படித்தான், முதல் எழுத்தைப் பார்த்தே வரிசை கட்டும்.

இன்னொரு முறை ஒரு தையல்காரர் தன் கிளியின் பெயரைப் பட்டாணி என்று மாற்றச் சொன்னார். அண்ணி மாற்றினார். எந்தக் கிளிக்கு என்ற நிபந்தனையை மட்டும் எழுத மறந்துவிட்டார். அறுநூற்றுப் பதின்மூன்று விலங்குகளும் ஒரே நொடியில் பட்டாணி ஆயின. முந்தைய நாள் எடுத்து வைத்த நகல் இருந்ததால் வேலை தப்பியது. இப்போது எதை மாற்றுவதாக இருந்தாலும், அதே நிபந்தனையில் யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார்.

போன வியாழக்கிழமை எங்கள் பூனையைக் கூடையில் போட்டு மூடி, மதியம் இரண்டு மணிக்கு அங்கே போனேன். வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும். ஊசி நாள் என்று எப்படித்தான் தெரியுமோ, இரண்டு தடவை பீரோவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

டாக்டர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். "தம்பி, உங்க அண்ணி வேலையே வேலை. ஊசி போடாதவங்க பட்டியல் கேட்டேன். ஒருத்தர்கூட இல்ல. மிச்ச நாப்பது குப்பியும் வேற ஊருக்குப் போகுது. மூணு மணிக்கு வேன்."

"இது மிச்சம் இருக்கு டாக்டர்" என்று கூடையை லேசாகத் தூக்கிக் காட்டினேன். உள்ளிருந்து ஒரு உறுமல் வந்தது.

கம்பவுண்டர் குனிந்து பார்த்தார். "பட்டியல்ல இல்லையே. பூனை பொய் சொல்லுதோ?"

அண்ணியின் முகம் மாறிவிட்டது. அந்தக் குப்பிகள் போனால் அடுத்த ஒதுக்கீடு ஆறு மாதம் கழித்துத்தான். அதுவரை ஊசி போடாத நாய்களும் குழந்தைகளும் ஒரே தெருவில்தான் ஓடும். "யாரும் பாக்கி இல்லை" என்று அச்செடுத்துக் கொடுத்தவர் அவர்.

"வேனை நிறுத்தச் சொல்லுங்க டாக்டர்."

"ஒரு பூனைக்காகவா? தலைமை அலுவலகத்துல சொல்லியாச்சும்மா. மூணு மணிக்குள்ள காரணம் காட்டுங்க, நிறுத்துறேன்."

அண்ணி குவரியை மறுபடி ஓட்டினார். ஊசி போட்டவர்களின் எண்களுக்குள் எந்த நாய், பூனையின் எண் இல்லையோ, அதைக் கொடு. சரியான கேள்வி. பதில் வெறுமை. எங்கள் பூனையின் எண் நானூற்றுப் பன்னிரண்டு. அதை ஊசி அட்டவணையில் தேடினார். இல்லை.

"அப்புறம் ஏன்டா இதைக் காட்டல?" என்று என்னைக் கேட்டார். நான் கூடையைப் பார்த்தேன்.

ஊசி அட்டவணையில் எண் எழுதாமல் விட்ட வரி இருக்குமோ என்று அவருக்குத் தோன்றியது. எண் வெற்றுக்குச் சமமாக உள்ள வரிகளைக் கேட்டார். ஒன்றும் வரவில்லை. தலையில் தட்டிக்கொண்டார். "இல்லாதது எதுக்கும் சமம் ஆகாது. சமமான்னு கேக்கக் கூடாது. வெற்றா இருக்கான்னுதான் கேக்கணும்." மாற்றிக் கேட்டார். ஒரு வரி வந்தது. தேதி இருக்கிறது, மருந்து இருக்கிறது, எண் இல்லை.

"ஒரே ஒரு வரிக்காகவா மொத்தப் பேரையும் மறைச்சுது?" என்றார் கம்பவுண்டர்.

"அஞ்சு பேர் சாப்பிட்டாங்க, அதுல ஒருத்தர் யாருன்னே தெரியலன்னு வைங்க. நீங்க சாப்பிடலன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியுமா?"

"முடியாது."

"இதாலயும் முடியல. அந்தத் தெரியாத ஆள் நானூத்திப் பன்னெண்டாவும் இருக்கலாம், அம்பத்தாறாவும் இருக்கலாம். நிச்சயமில்லாத ஆளைப் பட்டியல்ல சேக்காது. அதனால யாரையும் சேக்கல."

வெறுமையைப் பற்றி நான் வாசித்த கவிதை எதிலும் அது இவ்வளவு வேலை செய்ததில்லை.

அந்த வரியின் தேதியை டாக்டர் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாசல்ல ஒரு தெருநாய் வந்துச்சு. நான்தான் போட்டேன். நான்தான் ஏத்தினேன். எண் என்னன்னு தெரியல, விட்டுட்டேன்."

கம்பவுண்டர் அவசரமாகச் சுவரைப் பார்த்தார்.

அண்ணி குவரியைத் திருப்பி எழுதினார். ஒவ்வொரு நாயாக, பூனையாக எடுத்து, இதன் எண்ணோடு ஊசி அட்டவணையில் ஒரு வரியாவது உண்டா என்று மட்டும் கேட்பது. இல்லாவிட்டால் பட்டியலில் போடு. வெற்று வரி எதோடும் பொருந்தாது, ஓரமாகக் கிடக்கும். முப்பத்தெட்டுப் பெயர்கள் வந்தன. மணி மூன்றுக்குப் பத்து நிமிடம்.

டாக்டர் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். "என் தப்புதான்" என்பதை எத்தனை மெதுவாகச் சொல்ல முடியுமோ அத்தனை மெதுவாகச் சொன்னார். பிறகு பட்டியலை மூன்றாகக் கிழித்து, ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொண்டு உரிமையாளர்களின் போன் எண்களைச் சுழற்ற ஆரம்பித்தார். எங்கள் பூனைக்குத்தான் முதல் ஊசி. கம்பவுண்டரின் கட்டைவிரலில் மூன்று கோடுகள் விழுந்தன.

வேன் ஓட்டுநர் இரண்டே குப்பிகள் கிடந்த ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தார். "இதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தேன்?"

அவர் போன பிறகு அண்ணி எண் கட்டத்தை இனி யாரும் காலியாக விட முடியாதபடி அட்டவணையை மாற்றி அமைத்தார். அதற்கு முதலில் அந்தத் தெருநாய்க்கு ஓர் எண் வேண்டும். அறுநூற்றுப் பதினான்கு. உரிமையாளர் யார் என்று கேட்டது திரை.

அண்ணி யாரையும் கேட்கவில்லை. டாக்டரின் பெயரையும் செல்போன் எண்ணையும் தட்டிச் சேமித்தார்.